ஒத்துக்கட்டுவோனும் ஒதுங்குவோனும்
சீட்டாட்டத்தில் மாறா நெறியின் குறைபாடுகள்

சூது ஆன்றோரால் கடியப்பட்ட பொருள். திருவள்ளுவர் பொருட்பாலின் 94ஆம் அதிகாரத்தை முழுவதும் அதனைக் கடிதற்கென்றே வகுத்தார். ஆயினும் கடியப்பட்ட பொருளும் ஆராய்ச்சிக்கு உரியதேயாம். நஞ்சின் இயல்பை மருத்துவன் கற்பது நஞ்சினை உண்டற்கன்று, உண்டாரைக் காத்தற்கு. சூதின் இயல்பை ஆராயுமிடத்தும் இதுவே நோக்கமாதல் வேண்டும். சூதாடுவோருள் துணிந்து பெரும்பொருள் வைத்துக் கெடுவோரை உலகம் எளிதில் இனங்காண்கிறது, அவர்க்காக இரங்குகிறது, அவரைக் காட்டிப் பிறர்க்கு அறிவுரையும் கூறுகிறது. ஆனால், "யான் அளவறிந்து ஆடுகிறேன், முந்திக்கொண்டு பந்தயம் கட்டுவதில்லை, பிறர் கட்டினால் மட்டும் தொடர்கிறேன், ஆதலின் எனக்குப் பேரிழப்பு நேராது" என்று அமைதியாக அமர்ந்திருப்பவனை எவரும் எச்சரிப்பதில்லை. அவனுக்கும் தன்மேல் ஐயமில்லை. அவனது அடக்கம் உண்மையில் பாதுகாப்புத் தருவதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆட்டங்களை மூவகையாகப் பகுக்கலாம். சதுரங்கத்தில் காய்கள் யாவும் இருவர் கண்முன்னும் உள்ளன. அங்கு மறைவுமில்லை, தற்செயலுமில்லை. தாயத்தில் தற்செயல் உண்டு. ஆயினும் விழுந்த எண்ணை அனைவரும் காண்கின்றனர். சீட்டாட்டத்திலோ தற்செயலும் உண்டு, மறைவும் உண்டு. ஒருவன் கையிலுள்ளதை மற்றவன் காணான். அவன் செய்கையைக் கொண்டே அதனை உய்த்துணர வேண்டும். ஆகவே சீட்டாட்டத்தில் செய்கை ஒவ்வொன்றும் ஒரு சொல்லாகிறது. வாய் பேசாவிடினும் கை பேசுகிறது.

இலங்கையில் தமிழரும் சிங்களவரும் விரும்பி ஆடும் "முந்நூற்று நான்கு" என்னும் ஆட்டம் இதற்கு நல்ல சான்று. 32 சீட்டுகளைக் கொண்டு நால்வர் இருவர் இருவராகக் கட்சி சேர்ந்து அதனை ஆடுவர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என மதிப்பு உண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓரினத்திற்கு 76 ஆக, நான்கினத்திற்கும் 304 ஆகின்றமையால் ஆட்டம் அப்பெயர் பெற்றது. முதல் நான்கு சீட்டுகளைக் கண்டதும் கேள்வி தொடங்கும்; கேள்வியில் மேற்பட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பர். இங்கு ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்தாலன்றி ஒருபோதும் கேளாத ஒருவரைக் கருதுக. அவர் கேட்டால் அவர் கையில் இருப்பது யாதென எதிர்க்கட்சிக்குத் தெரியும். கேளாவிடின் இல்லாதது யாதெனத் தெரியும். அவர் துரும்பைக் கவிழ்த்து வைத்ததால் ஆவதென்ன? அவரது வழக்கமே அதனைத் திறந்து காட்டிவிடுகிறது.

முந்நூற்று நான்கு பெரும்பாலும் பொழுதுபோக்காக ஆடப்படுவது. மறைவையும் பணத்தையும் ஒருங்கே அடிப்படையாகக் கொண்டது, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளர்ந்து உலகெங்கும் பரவிய போக்கர் என்னும் ஆட்டம். அதன் வகைகள் பல, அடிப்படையோ ஒன்றே. முறை வந்தவன் பந்தயம் கட்டலாம். கட்டாது வாளா இருக்கலாம். பிறன் கட்டிய பந்தயத்திற்குச் சமமாகத் தானும் வைத்து ஒத்துக்கட்டலாம்; அதனினும் உயர்த்தலாம்; அன்றிச் சீட்டை வைத்துவிட்டு ஒதுங்கலாம். ஒதுங்கியவன் அதுவரை வைத்த பணத்தை இழப்பான். இறுதிவரை நின்றோர் சீட்டுகளைத் திறந்து காட்ட, உயர்ந்த சீட்டு உடையவன் மொத்தப் பணத்தையும் பெறுவான். கையில் ஒன்றுமில்லாதவன் உயர்ந்த சீட்டு உடையவன்போலப் பந்தயம் கட்டி எதிரியை அஞ்சி ஒதுங்கச் செய்தலும் உண்டு. இதனைப் பொய்ப்பந்தயம் எனலாம்.

இவ்வாட்டத்தில் அடக்கமாக ஆடுவோர் இருவகையர். ஒருவன், தான் முந்திக் கட்டமாட்டான். பிறர் கட்டினால் நடுத்தரமான சீட்டு இருப்பினும் ஒத்துக்கட்டிவிடுவான். "என்னை ஏமாற்ற முடியாது, திறந்து பார்த்துவிடுவேன்" என்பது அவன் எண்ணம். அவனை ஒத்துக்கட்டுவோன் என்க. மற்றவனும் முந்திக் கட்டமாட்டான். பிறர் கட்டினால் மிகவுயர்ந்த சீட்டு இருந்தாலன்றி விலகிவிடுவான். "உறுதியில்லாத இடத்தில் ஏன் பணம் வைக்கவேண்டும்?" என்பது அவன் எண்ணம். அவனை ஒதுங்குவோன் என்க. ஒருவன் இயல்பு மற்றவன் இயல்புக்கு நேர்மாறாகத் தோன்றினும், இருவருக்கும் பொதுவான குறைகள் இரண்டு உள. முதலாவது, இருவரும் பின்செல்வரேயன்றி முன்செல்லார். இரண்டாவது, இருவர் நெறியும் மாறாதது. ஒரே சீட்டுக்கு என்றும் ஒரே செய்கை.

இக்குறைகளால் விளையும் இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். அமெரிக்கக் கணிதவியலறிஞர் ஹரோல்டு கூன் 1950இல் போக்கரை அதன் எலும்புக்கூடாகச் சுருக்கி ஒரு சிற்றாட்டத்தை அமைத்தார். அதில் சீட்டுகள் மூன்றே. அவற்றை இராசா, இராணி, ஜாக்கி எனக் கொள்வோர் இராசாவை உயர்ந்ததாகவும் ஜாக்கியைத் தாழ்ந்ததாகவும் கொள்க. ஆடுவோர் இருவர். ஒவ்வொருவரும் முதலில் ஒரு காசு வைப்பர். ஒவ்வொரு சீட்டுப் பெறுவர். மூன்றாவது சீட்டு மறைந்திருக்கும். முதலாமவன் இன்னும் ஒரு காசு பந்தயம் கட்டலாம், அன்றி வாளா இருக்கலாம். அவன் கட்டினால் இரண்டாமவன் ஒத்துக்கட்டலாம், அன்றி ஒதுங்கலாம். அவன் வாளா இருந்தால் இரண்டாமவன் பந்தயம் கட்டலாம். இருவரும் கட்டாவிடின் சீட்டுகள் திறக்கப்படும். உயர்த்துதல் இல்லை. இவ்வளவே ஆட்டம்.

சீட்டுகள் இருவர் கையில் விழும் வகை ஆறு. 180 முறை ஆடினால் ஒவ்வொரு வகையும் சராசரியாக 30 முறை நேரும். இரண்டாமவன் அடக்கமாக ஆடுபவன் என்றும், முதலாமவன் அவன் வழக்கத்தை நன்கறிந்தவன் என்றும் வைத்துக்கொள்க.

முதலில் ஒதுங்குவோனை நோக்குக. அவன் தானாக ஒருபோதும் கட்டான். இராசா இருந்தால் மட்டும் ஒத்துக்கட்டுவான். முதலாமவனுக்கு இராசா வரும் 60 ஆட்டங்களிலும் எதிரி ஒதுங்கிவிடுவதால் அவன் பெறுவது 60 காசு. இராணி வரும் 60 ஆட்டங்களில் அவன் வாளா இருக்கிறான். பாதியில் வென்று பாதியில் தோற்பதால் வரவும் செலவும் சமம். ஜாக்கி வரும்போதுதான் அவன் திறமை வெளிப்படுகிறது. ஒன்றுமற்ற அச்சீட்டை வைத்துக்கொண்டு பொய்ப்பந்தயம் கட்டுகிறான். எதிரியிடம் இராசா இருக்கும் 30 ஆட்டங்களில் இரண்டிரண்டாக 60 காசு இழக்கிறான். இராணி இருக்கும் 30 ஆட்டங்களில் எதிரி அஞ்சி ஒதுங்க 30 காசு பெறுகிறான். ஆக ஜாக்கியால் இழப்பு 30 மட்டுமே. வாளா இருந்திருப்பின் அது 60 ஆகியிருக்கும். கூட்டிப் பார்ப்பின் முதலாமவனுக்கு 30 காசு ஆதாயம். ஒதுங்குவோனுக்கு 30 காசு நட்டம்.

இனி ஒத்துக்கட்டுவோனை நோக்குக. அவனும் தானாகக் கட்டான். ஆனால் இராசாவுக்கும் இராணிக்கும் ஒத்துக்கட்டுவான். ஜாக்கிக்கு மட்டும் ஒதுங்குவான். அவனிடம் பொய்ப்பந்தயம் செல்லாது என்பதை முதலாமவன் அறிவான். ஆகவே ஜாக்கி வந்தால் வாளா இருந்து 60 ஆட்டங்களில் 60 காசை இழந்துவிடுகிறான். இராணியில் முன்போல வரவும் செலவும் சமம். இராசா வந்தாலோ தவறாது பந்தயம் கட்டுகிறான். எதிரியிடம் இராணி இருக்கும் 30 ஆட்டங்களில் அவன் ஒத்துக்கட்ட 60 காசும், ஜாக்கி இருக்கும் 30 ஆட்டங்களில் அவன் ஒதுங்க 30 காசும் ஆக 90 காசு பெறுகிறான். முடிவில் மீண்டும் அதே 30 காசு ஆதாயம்.

இது வியப்பிற்குரிய முடிவு. ஏமாற்றப்படுவதற்கு அஞ்சி எப்போதும் ஒத்துக்கட்டியவனும், பணம் போவதற்கு அஞ்சி எப்போதும் ஒதுங்கியவனும் இழந்தது ஒரே தொகை. ஒருவனிடம் பொய்யால் பறிக்கப்பட்டது. மற்றவனிடம் மெய்யால் பறிக்கப்பட்டது. வழி வேறாயினும் பை வெறுமையாவதில் வேறுபாடில்லை. ஒருவன் மற்றவனைப் பார்த்து "அவன்போல் நான் இல்லை" என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை.

இனி இவ்விருவருக்கும் பொதுவான இரு குறைகளையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது தகும். முதலில் மாறாமையை மட்டும் நீக்குக. இரண்டாமவன் முன்போலவே தானாகக் கட்டாதவனாகவே இருக்கட்டும், இராசாவுக்கு ஒத்துக்கட்டட்டும், ஜாக்கிக்கு ஒதுங்கட்டும். இராணி வந்தால் மட்டும், மூன்றில் ஒருமுறை ஒத்துக்கட்டி இருமுறை ஒதுங்கட்டும். அந்த ஒருமுறை எது என்பதைத் தன் மனத்தால் முடிவு செய்யாது, மேசைக்கடியில் ஒரு பகடையை உருட்டி 1 அல்லது 2 விழுந்தால் ஒத்துக்கட்டுவதாக வைத்துக்கொள்ளட்டும். இப்போது முதலாமவனுக்கு இராசாவில் 70 காசு வரவு, இராணியில் சமம், ஜாக்கியிலோ பொய்ப்பந்தயம் கட்டினும் 60 காசு நட்டம், கட்டாவிடினும் 60 காசு நட்டம். அவன் ஆதாயம் 30இலிருந்து 10 ஆகச் சுருங்கிவிட்டது. எதிரியின் நெறியை அவன் முற்றும் அறிந்திருந்தும் பயனில்லை; ஏனெனில் அறிந்தது விகிதத்தையே யன்றிச் செய்கையையன்று. பகடையில் அடுத்து விழும் எண்ணை உருட்டுபவனே அறியாதபோது எதிரி அறிவது எங்ஙனம்?

அடுத்து, பின்செல்லும் குறையையும் நீக்குக. முதலாமவன் வாளா இருக்கும்போது இரண்டாமவன் இராசா இருந்தால் தானே பந்தயம் கட்டட்டும். ஜாக்கி இருந்தால் மூன்றில் ஒருமுறை பொய்ப்பந்தயமும் கட்டட்டும். இப்போது முதலாமவனுக்கு இராசாவில் 70 வரவு. ஜாக்கியில் 60 செலவு. ஆனால் முன்பு சமமாயிருந்த இராணியில் 20 காசு நட்டம் புதிதாக விளைகிறது. எதிரியின் பந்தயம் மெய்யா பொய்யா என அறியாமையால் ஒத்துக்கட்டினும் 20, ஒதுங்கினும் 20. ஆகவே முடிவில் இரண்டாமவனுக்கு 10 காசு ஆதாயம்.

30 காசு நட்டத்தில் தொடங்கியவன் மாறாமையை விட்டபோது 10 காசு நட்டத்திற்கு வந்தான். பின்செல்லுதலை விட்டபோது 10 காசு ஆதாயத்திற்கு வந்தான். ஒவ்வொரு குறைக்கும் அவன் செலுத்திய விலை 20 காசு. சீட்டுகள் அவனுக்குத் தீங்கு செய்யவில்லை. மூன்று நிலையிலும் அவனுக்கு வந்த சீட்டுகள் அவையே.

இவ்வுண்மைக்குப் பொதுவான கணித வடிவம் தந்தவர் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நாய்மன். அவர் 1928இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒருவன் வரவு மற்றவன் செலவாகும் இருவர் ஆட்டங்களில், தற்செயலைக் கலந்தாடும் நெறியினால் ஒவ்வொருவனும் தனக்குரிய ஓர் எல்லைக்குக் கீழ் இழவாது காத்துக்கொள்ளலாம் என நிறுவினார். 1944இல் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்ன் என்னும் பொருளியலறிஞருடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூலில் போக்கரும் பொய்ப்பந்தயமும் விரிவாக ஆராயப்பட்டன. பொய்ப்பந்தயம் என்பது குணக்கேட்டின் விளைவன்று. ஆட்டத்தின் அமைப்பே அதனை வேண்டுகிறது என்பது அவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று. ஒருபோதும் பொய்ப்பந்தயம் கட்டாதவன் மெய்யாகக் கட்டும்போது எதிரி விலகிக்கொள்வான். ஆகவே அவனுடைய உயர்ந்த சீட்டும் உரிய விலை பெறாது.

பிற்காலத்தில் கணினிகள் இதனை உறுதிப்படுத்தின. 2015இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் போக்கரில் ஏறத்தாழக் குறையற்ற நெறியைக் கணினியால் கண்டனர். 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்னும் நிரல், வரையறையற்ற இருவர் போக்கரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. 2019இல் புளூரிபஸ் என்னும் நிரல் அறுவர் ஆடும் ஆட்டத்திலும் தேர்ந்தோரை வென்றது. அச்சமும் ஆசையும் அற்ற இப்பொறிகள் பின்செல்லும் நெறியைக் கைக்கொள்ளவில்லை. தற்செயலைக் கலந்து, மெய்யும் பொய்யுமாகப் பந்தயம் கட்டியே வென்றன.

இங்கு ஒரு தடை எழலாம். விகிதத்தைக் கொண்ட நெறியும் ஒரு மாறா நெறியன்றோ? ஆம், விகிதம் மாறாதது. ஆயினும் செய்கை முன்னறிய முடியாதது. ஒருவன் கொள்கை அறியப்படுவதால் கேடில்லை. அவன் அடுத்த செய்கை அறியப்படுவதாலேயே கேடு. எனினும் இந்நெறிக்கும் ஓர் எல்லையுண்டு. அது காக்கும் நெறியேயன்றி ஈட்டும் நெறியன்று. ஒத்துக்கட்டுவோனிடம் பொய்ப்பந்தயத்தை அறவே விடுதலும், ஒதுங்குவோனிடம் அதனைப் பெருக்குதலும் மிகுந்த ஆதாயம் தரும். ஆனால் அவ்வாறு எதிரிக்கேற்ப வளைபவன் தானும் ஒரு வழக்கத்திற்கு உட்படுகிறான்; அதனை எதிரி கண்டுகொண்டால் வேட்டையாடியவன் வேட்டைப்பொருளாவான்.

இவ்வாராய்ச்சியின் ஒளியில் பழைய இதிகாசக் கதை ஒன்றும் புதுப்பொருள் பெறுகிறது. தருமன் சூதில் தோற்றமைக்குச் சகுனியின் வஞ்சத்தையும் ஊழையும் காரணமாகக் கூறுவது மரபு. ஆயின் வியாசபாரதத்தின் சபாபருவத்தில் சகுனி தன் திட்டத்தைத் துரியோதனனுக்கு எடுத்துரைக்கும்போது கூறும் காரணம் நோக்கத்தக்கது. தருமனுக்குச் சூதில் விருப்பமுண்டு, திறமையில்லை. அழைத்தால் மறுக்கமாட்டான் என்பதே அவன் கூற்றின் பொருள். அழைப்பை மறாமை தருமன் கொண்ட நோன்பு. அது உயர்ந்த நோன்பாயினும் எதிரி அறிந்த நோன்பு. துரியோதனனுக்காகச் சகுனி காய் உருட்டுவான் என்றபோதும் தருமன் அது முறையன்று என்று கூறினானேயன்றி எழுந்து செல்லவில்லை. பொருள், நாடு, தம்பியர், தான், பாஞ்சாலி என ஒவ்வொரு பணயமும் முன்னதைப் பின்தொடர்ந்தது. மீண்டும் அழைத்தபோது மீண்டும் வந்தான். வஞ்சகக் காய்கள் இல்லாதிருப்பினும் இந்நெறி அவனைக் காத்திருக்குமோ என்பது ஐயமே.

அதே பாரதத்தில், காட்டிலிருந்த தருமனுக்குப் பிருகதசுவ முனிவர் கூறியதாக வரும் நளன் கதை இதற்கு மறுதலையாய் நிற்கிறது. புகழேந்தியாரின் நளவெண்பாவாலும் அதிவீரராம பாண்டியரின் நைடதத்தாலும் தமிழர் நன்கறிந்த கதை அது. நளனும் புட்கரன் அழைக்க ஆடி நாடிழந்தான். ஆயினும் தமயந்தியைப் பணயம் வை என்றபோது வைக்காது எழுந்தான். பின்னர் இருதுபன்னனிடம் எண்ணும் கலையையும் காயின் மறையையும் கற்றான். இருதுபன்னன் தான்றிமரத்தின் இலையையும் காயையும் கணக்கிட்டுக் கூறியதை நளன் எண்ணிச் சரிபார்த்தான் என்பது கதை. கற்றபின் அவன் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை; தானே சென்று புட்கரனை அழைத்தான்; வென்றான். பின்சென்றவன் முன்சென்றவனானான், அறியாது ஆடியவன் எண்ணி ஆடுபவனானான். இக்கதையைக் கூறிய முனிவர் தருமனுக்கும் காயின் மறையைக் கற்பித்துச் சென்றார் என்பதும் எண்ணத்தக்கது.

இக்கணக்கு சூதுக்களத்தோடு முடிவதன்று. கஹவத்தை, பெல்மதுளை, இரத்தினபுரிப் பகுதிகளில் மாணிக்கக்கல் விற்பனை அன்றாட வாழ்வின் ஒரு கூறு. கல்லின் தரத்தை வாங்குவோன் அறிவான். விற்போனின் தேவையை அவன் உய்த்துணர்கிறான். முதற்கேள்விக்கே இசைந்துவிடும் விற்போன் ஒத்துக்கட்டுவோனை ஒப்பான். விலை பேசத் தொடங்கியதும் கல்லை மடித்துக்கொண்டு போய்விடுபவன் ஒதுங்குவோனை ஒப்பான். மூன்றாம் முறை கேட்டால் பாதிக்கு இறங்குவான் என்று பெயர் பெற்றவனிடம் எவரும் முதல் இருமுறையும் நியாயவிலை கூறார். தோட்டத்துக் கூலிப் பேச்சிலும், காணி விற்பனையிலும், ஏலத்திலும் இதுவே நிகழ்கிறது. எதிரி முன்மொழியக் காத்திருந்து, முன்னரே அறியப்பட்ட மறுமொழியைக் கூறுபவன் தன் பங்கை அவனிடமே ஒப்படைத்துவிடுகிறான்.

ஆயின் இவற்றைக் கற்றவன் சூதாடலாமோ எனின், கணக்கே விடை கூறும். மேற்கூறிய சிற்றாட்டத்தில் குறையற ஆடியவன் 180 ஆட்டங்களில் பெற்றது 10 காசு. ஆட்டத்திற்கு இடங்கொடுப்பவன் ஒவ்வோராட்டத்திற்கும் ஒவ்வொருவரிடமும் காசில் பத்திலொரு பங்கு கழித்துக்கொண்டால் அவன் செலுத்துவது 18 காசு. குறையற ஆடியவனும் 8 காசு நட்டத்தோடு எழுகிறான். அடக்கமாக ஆடியவனுக்கோ 48 காசு நட்டம். எவர் வெல்லினும் தோற்பினும் இடங்கொடுத்தவன் 36 காசு பெறுகிறான். சம்பள நாளன்று லயத்தின் ஓரத்தில் கூடும் சிறு கூட்டத்திற்கும், ஒளிவிளக்குகள் நிறைந்த கொழும்புச் சூதுமண்டபத்திற்கும், கைத்தொலைபேசியில் வரும் ஆட்டத்திற்கும் இவ்விதி ஒன்றே. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் பெற்ற கூலி, "சிறிதாகத்தான் ஆடுகிறேன்" என்னும் சொல்லோடு சிறிது சிறிதாகவே கரைகிறது. பேரிழப்பு ஒருவனை விழிக்கச் செய்யும். சிற்றிழப்பு அவனை உறங்கவைத்தே உறிஞ்சும்.

வள்ளுவர் சூதில் தோல்வியை மட்டும் கடியாது வெற்றியையும் சேர்த்துக் கடிந்தார். அவ்வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார். இன்றைய கணிதம் நீண்ட வழியால் சென்று அடையும் இடமும் அதுவே. வாழ்க்கையில் விலகமுடியாத ஆட்டங்கள் பல. விற்றல், வாங்கல், கூலி பேசல் ஆகியவற்றில் முன்செல்லவும், பிறர் எளிதில் அறியாதவாறு நடக்கவும் கற்றல் வேண்டும். விலகக்கூடிய ஆட்டத்திலோ எதிரி எவ்வளவு அறிந்தாலும் பறிக்க இயலாத மாறா நெறி ஒன்றே உண்டு. அது ஆட்டக்களத்தில் அமராதிருத்தல். தருமன் நோன்பாகக் கொள்ளத் தவறியதும் அதுவே.